பின்னால் உட்கார்ந்தவர்

“ஞாயிறு, காலை ஆறே முக்கால். முன்னால் அவர், பின்னால் நான். அக்கரை போய் வந்தோம்.”

ஒரு புகைப்படத்தின் பின்புறம் பென்சிலில் எழுதிய குறிப்பு இது. கிழமையும் மணியும் உண்டு, வருடம் இல்லை. எங்கள் ஏரியில் இருவர் துடுப்புப் போடும் கனூ படகுகளை விடும் குடும்பங்களின் சங்கத்துக்கு வரலாறு எழுதத் தொடங்கியபோது, கையில் கிடைத்த மிகப் பழைய சான்று இதுதான்.

படகில் ஏறாமலே பதிவேடு வைத்திருப்பவன் நான். படத்தில் இருந்தது எங்கள் சங்கத்துத் தம்பதி; குறிப்பு மனைவி எழுதியது. முன்னால் கணவர், பின்னால் மனைவி என்றதும் எனக்குத் தோன்றியது ஸ்கூட்டர். ‘சங்கத்தின் முதல் படகைச் செலுத்தியவர்’ என்று கணவரின் பெயரை எழுதிவிட்டேன். அவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. படகுக் கொட்டகைச் சுவரில் அந்த வரியைப் பெயிண்டர் சனிக்கிழமை எழுதுவதாக ஏற்பாடு.

வியாழனன்று அவருடைய மனைவி என்னை ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நான் எழுதிய பக்கம் மேசைமேல் இருந்தது.

“ஏன் தம்பி, நீ எப்பவாச்சும் படகுல குந்தியிருக்கியா?”

“இல்ல ஆன்ட்டி.”

“அதான். முன்னால குந்துறவரு துடுப்புப் போடுவாரு, அவ்ளோதான். திருப்புறது பின்னால இருக்கிறவங்க. அவரு ‘லெஃப்ட், லெஃப்ட்’னு கத்திட்டே வருவாரு. நான் ரைட்ல போவேன்.”

பக்கத்து அறையிலிருந்து மகன், “டாடி பேரே இருக்கட்டுமே மம்மி” என்றார்.

“உங்க டாடிக்கு சர்ச்சுல பேரு போட்ட கல்லு இருக்கு, பார்க்குல பெஞ்சு இருக்கு. எனக்கு இந்த ஒரு செவுரு போதும்.”



கையோடு எடுத்துப் போயிருந்த படத்தை ஜன்னலோரம் பிடித்து மறுபடி பார்த்தேன். பின்னிருக்கையில் அந்த அம்மாள்தான். துடுப்பைச் சாய்த்துப் படகைத் திருப்பிக்கொண்டிருந்தார். இன்னொன்றும் தெரிந்தது. இருவருக்கும் பின்னால் எங்கள் படித்துறை. அப்படியானால் கேமரா ஏரிக்குள் இருந்திருக்கிறது.

“இத யாரு எடுத்தது ஆன்ட்டி?”

படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். “தெரியலியே. எங்களுக்கு முன்னால யாரோ போயிட்டு இருந்தாங்க.” சொன்னதன் பொருள் உறைத்ததும் சிரித்துவிட்டார். “சரி, ‘முதல்’ங்கிறத எடுத்துடு. ஓட்டினது நான்தான், அத மட்டும் விடாத.”

சனிக்கிழமை சுவரில் அந்த அம்மாளின் பெயர் ஏறியது. ‘முதல்’ என்ற சொல் இல்லை. முன்னே போன படகில் இருந்தவர் யார், அது எங்கள் சங்கத்துப் படகுதானா என்பது இன்னும் உறுதி செய்யப்படவில்லை.