மலை ஏறி வந்த ஓட்டுப்பெட்டி

தேர்தல் வேலைக்காக சத்துவாச்சாரிப் பள்ளியில் மைப் புட்டியைத் திறந்தேன். அந்த வாடையில் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

ஒடுகத்தூருக்கு மேலே மலையில் வாழும் பழங்குடிச் சனம் நாங்கள். ஓட்டுப் போட மூன்று மணி நேரம் கீழே இறங்கவேண்டும். வயசானவர்கள் போகவே மாட்டார்கள். ஓட்டு விழாத ஊரை யார் தேடி வருவார்கள்?

அப்பாவுக்கு எழுதத் தெரியாது. ஹாஸ்டலில் படித்த நான், லீவில் வரும்போதெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, எங்கள் ஊரிலேயே ஓட்டுச்சாவடி கேட்டு மனு எழுதுவேன். கைநாட்டு வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு வேலூருக்குப் போவார். எனக்குக் கால் வலித்தால் தோளில் தூக்கிக்கொள்வார்.

"முப்பது வீட்டுக்கு ஒரு பூத்தா?" என்றார் அதிகாரி.

"முப்பது வீட்லயும் மனுஷங்கதான சார் இருக்கிறோம்?" என்றார் அப்பா.

நான்காவது வருஷம் கழுதை முதுகில் ஓட்டுப்பெட்டி மலை ஏறி வந்தது. ஊரே மேளம் அடித்தது. கண் தெரியாத பொன்னியம்மாவைக் கைபிடித்து அழைத்துவந்து வரிசையில் முதலாவதாக நிறுத்தினார் அப்பா. எல்லாரும் போட்டு முடித்த பிறகுதான் அவர் உள்ளே போனார். வெளியே வந்து, மை வைத்த விரலை என்னிடம் நீட்டினார்.

"பாரும்மா, நாமளும் கணக்குல வந்துட்டோம்."

அடுத்த தேர்தலுக்கு ஒரு வேட்பாளர் மூச்சு வாங்க எங்கள் ஊருக்கு ஏறி வந்தார். அப்பா அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்: "மொதல்ல ரோடு, சார்."

இப்போது அங்கே தினமும் இரண்டு தடவை பஸ் போகிறது.