பூவிழியின் இதயச் சுவர்

வலங்கைமான் பக்கத்துப் பள்ளியில் பூவிழி கணக்கு டீச்சர். கணவன் தமிழ்மாறன் மேடைப் பேச்சாளன். பெண்ணுரிமை பேச எழுந்தால் கைதட்டல் அடங்க நேரமாகும். வீட்டிலோ குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்க மாட்டான். அவன்மேல் அவளுக்கிருந்த மதிப்பு கல்யாணமான மறுமாதமே தீர்ந்துபோனது.

போன சம்பா நடவின்போது கரும்பலகை முன்னால் அப்படியே சரிந்தாள். சில நொடியில் தானாக விழித்துக்கொண்டாள். உள்ளூர் டாக்டர் நாடிகூடப் பிடிக்காமல், "டென்ஷன்தான் மேடம்" என்று சத்து மாத்திரை எழுதினார். தமிழ்மாறன் இன்னும் ஒரு படி மேலே போனான்.

"லீவு வேணும்னா கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே? எதுக்கு இந்த நடிப்பு?"

அடுத்த முறை பஸ் ஸ்டாண்டில் விழுந்ததில் முன்பல் உடைந்தது. பல்லை உடைத்துக்கொண்டா ஒருத்தி நடிப்பாள்? இவனிடம் வாயைக் கொடுப்பதே தண்டம் என்று தனியாகத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள்.

இதய மருத்துவர் அனீஸா ஈ.சி.ஜி.யைப் பார்த்ததும் அவளை அங்கேயே சேர்த்துவிட்டார். இதயத்தின் மேல் அறையில் கிளம்பும் மின்துடிப்பு கீழ் அறைக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. ஊரார் கேட்பார்களே என்று தமிழ்மாறனும் கசங்காத வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான்.

"பேஸ்மேக்கர் வச்சா சரியாயிடும்ங்கிறாங்களே டாக்டர். எம்.ஆர்.ஐ. எதுக்கு? வீண் அலைச்சல்."

"தடை இருக்குன்னு ஈ.சி.ஜி. சொல்லுது சார். முப்பத்தெட்டு வயசுல அது ஏன் வந்துச்சுன்னு படம் எடுத்தாத்தான் தெரியும்."

"படுக்கப் போறது நான். எடுங்க டாக்டர்" என்றாள் பூவிழி, அவன் பக்கம் திரும்பாமலே.

படத்தில் கீழ் அறைகளுக்கு நடுச்சுவரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் தெரிந்தன.

"மின்சாரம் இந்தச் சுவர் வழியாத்தான் இறங்குது டீச்சர். அங்கதான் வீக்கம். கருவி வச்சா துடிப்பு நிக்காது. ஆனா வீக்கத்துக்கு மருந்து தரலைன்னா அது பரவிக்கிட்டே போகும்."

நெஞ்சுக்குள் வீங்கியிருந்த நிணநீர்க் கட்டியில் துளி எடுத்துச் சோதித்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உறுப்புகளில் வீக்கம் உண்டாக்கும் சார்காய்டோசிஸ் நோய் என்று உறுதி செய்தார்கள். மாத்திரை தொடங்கினார்கள். துடிப்பு நிற்காமல் காப்பதோடு, தாறுமாறாக ஓடினாலும் அடக்கும் கருவியைத் தோளுக்குக் கீழே வைத்தார்கள்.

தை மாதக் கூட்டமொன்றில் தமிழ்மாறன் தொண்டை கரகரக்கப் பேசினான்: "ஸ்கேன் எடுத்தே ஆகணும்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன்!" கூட்டம் உருகியது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பூவிழிக்குக் கோபம்கூட வரவில்லை. அவள் கோபப்படவும் அவனுக்கு ஒரு தகுதி வேண்டுமே! அவன் முடிக்குமுன் எழுந்து வெளியே நடந்தாள்.

அறுவடை முடிந்ததும் தனியாகப் போய் மறுபடி ஸ்கேன் எடுத்துக்கொண்டாள். வீக்கம் பெரும்பாலும் வடிந்திருந்தது. அனீஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வீட்டில் அவன் கேட்டால் சொல்லலாம் என்றிருந்தாள். அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.