பிடாடாரி மேட்டில் இரண்டு கல்லறைகள்

போன வாரம் ஒரு தோழியின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். பிடாடாரியில், பன்னிரண்டாம் மாடி. "வியூ சூப்பர் லா!" என்று சன்னலைத் திறந்துவிட்டாள். கீழே புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரப்புல் வாசனை மேலே வந்ததுதான் தாமதம், பால் சொம்பை மறந்து என் மனசு பழைய தெரேசா அக்காவிடம் போய்விட்டது.

இந்த அடுக்குமாடிகள் நிற்கும் இடம் முன்பு மயானம். நகரத்தைக் கட்டிய பழைய தலைமுறை இங்கேதான் மழைமரங்களுக்கடியில் படுத்திருந்தது. தெரேசா அக்கா என் முதல் ஆபீஸில் டெலிபோன் ஆப்பரேட்டர். யாழ்ப்பாண வழி, கிறிஸ்தவர். கல்யாணமான இரண்டாம் வருஷமே கணவரை இந்த மேட்டில் புதைத்துவிட்டுத் தனியாகவே இருந்தவர். ஞாயிறு பூசை முடிந்து சிராங்கூன் ரோட்டில் பூ வாங்கிக்கொண்டு வருவார். நானும் கூடப் போவேன். பக்தியெல்லாம் இல்லை, திரும்பும்போது லிட்டில் இந்தியாவில் மசால் தோசை வாங்கித் தருவார்.

கணவருக்குப் பளிங்குக் கல். பக்கத்தில் ஒரு குட்டிச் சிமெண்டுச் சிலுவை, அதில் 'சவரிமுத்து' என்ற பெயர் மட்டும். யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. பூவில் பாதி அவருக்கு.

பிறகு மயானத்தைத் தோண்டி எடுக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. கணவரின் எலும்புகளை எடுத்த காலையில் அக்காவுக்குக் குடை பிடித்தபடி நான் நின்றேன். வேலை முடிந்ததும் அவர் பக்கத்துச் சிலுவையைக் காட்டினார்.

"இவர எப்ப தம்பி எடுப்பீங்க?"

சூப்பர்வைசர் தமிழர்தான். "அவர யாரும் க்ளைம் பண்ணலக்கா. கடைசியாத்தான். நீங்க ரிலேட்டிவ்வா?"

"இல்லப்பா. பக்கத்து வீடு." அக்கா சிரிக்கவில்லை. "எடுக்குற அன்னைக்கு ஒரு போன் போடுங்க. சும்மா நிக்கிறேன், அது போதும்."

அந்த மனிதர் மறக்கவில்லை. சில மாதம் கழித்து ஒரு காலை ஸ்விட்ச்போர்டுக்கே அழைப்பு வந்தது. அக்கா ஹெட்செட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினார். "நீ பாத்துக்க. வந்துடுறேன்." நான் பார்த்துக்கொண்ட அழகில் மேனேஜரின் வெளிநாட்டு அழைப்பு இரண்டு தடவை அறுந்தது.

மத்தியானம் செருப்பெல்லாம் செம்மண்ணோடு திரும்பி வந்தார்.

"எப்டிக்கா?"

"நல்ல உயரமான ஆளு போல. காலெலும்பு அவ்ளோ நீளம். நான் இத்தன வருஷமா குள்ளம்னே நெனச்சுட்டிருந்தேன்." குனிந்து செருப்பு மண்ணைத் தட்டினார். "தோண்டுற பசங்க தொப்பிய கழட்டிட்டானுங்க. நான் ஒரு செபம் சொன்னேன். வேற யாரும் இல்ல பாரு."

கேட்க யாருமில்லாதவர்களின் எலும்பை எரித்து, சாம்பலைக் கடலில் கரைப்பார்கள் என்று சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த அழைப்பை எடுத்தார். "குட் ஆஃப்டர்நூன்" என்ற குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. பெரிய மனிதர்கள் என்று நான் பார்த்த பலரிடம் அந்தப் பெருந்தன்மை இருந்ததில்லை.

பெயர் பெற்றவர்கள் சிலரின் கல்லறைக் கற்களை அருகிலேயே ஒரு தோட்டத்தில் வைத்திருக்கிறார்கள். சவரிமுத்துவின் சிலுவை அங்கே இல்லை. மேட்டைச் சமப்படுத்தியாகிவிட்டது. அந்த ஆபீஸ் இல்லை, ஸ்விட்ச்போர்டு இல்லை, அக்காவும் இல்லை. சவரிமுத்து உயரமானவர் என்பது இப்போது இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியும்.