இந்தக் கிழமை எங்கள் முறை இல்லை

இது நடந்த கதை. தியாகலிங்கம் பொய்யே சொல்லாத மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கதைக்குள்ளேயே அவர் ஒரு பொய் சொல்கிறார். ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

போன தை மாதம், ஒரு புதன்கிழமை. சுவிட்சர்லாந்தின் கூர் நகரத்தில் விடியப்புறம் மூன்று மணிக்கு மழை பெய்தது. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறைந்தது. ரோடு, மரம், கார், கரண்ட் கம்பி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விரல் தடிப்பில் ஐஸ்.

5:05க்குப் போன் அடித்தது. தியாகலிங்கம் அப்போது ஒரு கால் சப்பாத்தைப் போட்டுவிட்டார். டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்தாறு வருடமாகக் கோப்பை கழுவுகிறவர். போன் எடுத்தது அங்கேயே தங்கிச் சமைக்கிற பெடியன் பானுஜன்.

“அண்ணை, ட்ரெயின் ஒண்டும் ஓடேல்லை. இண்டைக்கு உங்களை வரவேண்டாமாம்.”

“அப்ப கோப்பை?”

“நான் கழுவுறன். நீங்கள் கனவிலை கழுவுங்கோ. போய்ப் படுங்கோ அண்ணை.”

சப்பாத்தைக் கழற்றினார். கையில் ஒரு முழு நாளைக் கொடுத்துவிட்டார்கள். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு இஞ்சி தட்டிப் போட்டு ஒரு பிளேன்ரீ. வெடித்த விரல்களைச் சூட்டுக்குக் கோப்பையைச் சுற்றி வைத்தார். ஹீட்டர் இளஞ்சூடாக இருந்தது. சந்தோஷம் என்றால் இதுதானாக்கும் என்று நினைத்தார். அதற்கு மேல் நினைக்க உடம்பில் சக்தி இல்லை. திரும்பப் போய்ப் போர்வைக்குள் புகுந்தார்.

யோசிக்க இருந்தது ஒன்றுதான். யோகாம்பாள். அவருடைய மனைவி. வயோதிபர் இல்லத்தில் இரவு வேலை. ட்ரெயின் நின்றாலும் டவுன் பஸ் ஓடும்; 7:40 பஸ்ஸில் வந்து இறங்குவாள். ரோட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு இருபத்தொரு கல்படி. போன மாரியில் விழுந்து இடுப்பில் தகடு வைத்தவள். இன்னொருமுறை விழுந்தால் நடக்கிற கதையே இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால் ஐஸ் கரையப் படிக்கு உப்புப் போட ஆள் இருந்தது. அந்தக் கட்டடத்தில் நாலு வீடு. கிழமைக்கு ஒரு வீடு படியைப் பார்க்கவேண்டும். யாருடைய முறையோ அவர்களின் கதவுப்பிடியில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். ஞாயிறு பின்னேரம் அதைக் கழற்றி அடுத்த வீட்டில் கொழுவிவிட வேண்டும். போன கிழமை தியாகலிங்கத்தின் முறை. ஞாயிறு 6:10க்கு அவரே கொண்டுபோய் முன்வீட்டுக் கதவில் கொழுவினார். முன்வீட்டில் ஃபிரௌ கடுஃப். எண்பது வயது, தனி மனுஷி. பதினாலு வருடத்தில் ஒருநாளும் முறை தவறியதில்லை. கொழுவும்போது கதவின் அடிப்பக்கத்தில், உள்ளேயிருந்து ஒரு சத்தம்கூடக் கேட்டது.

டக்.

பலகை வந்தது கிழவிக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆகவே புதன் காலை அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். இந்தக் கிழமை எங்கள் முறை இல்லை.

6:10.

டக்.

அவருடைய கதவில்தான். அதுவும் அடிப்பக்கத்தில். எழுந்துபோய்த் திறந்தார். ஒருவரும் இல்லை. பிடியில் பலகை தொங்கியது.

கிழவி ஐஸைக் கண்டு பயந்து தள்ளிவிட்டாளாக்கும் என்று எரிச்சல் வந்தது. கழற்றிக்கொண்டு வெளியே வந்தார். அப்போதுதான் விறாந்தை லைட் பத்தியது. ஆள் அசைந்தால் தானாகப் பத்துகிற லைட் அது. பத்தினால் இரண்டு நிமிடம் எரியும். அவர் கதவைத் திறந்தபோது இருட்டாகவே இருந்தது...

பலகையை முன்வீட்டில் கொழுவினார். பிடி அப்படிக் குளிர். விரல் ஒட்டிக்கொண்டது.

6:31.

டக்... டக்.

திரும்பவும் பலகை. திரும்பவும் இருட்டு. முன்வீட்டு மணியை அடித்தார். பதில் இல்லை.

“இது உங்கட கிழமை,” என்று மூடிய கதவுக்கு ஜெர்மன் மொழியில் சொன்னார். பலகையை மாட்டினார். உள்ளே வந்து கதவை இரண்டுதரம் பூட்டினார். திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டார்.

6:52.

டக்... டக்... டக்.

இந்தமுறை சத்தம் கிட்ட.

வீட்டுக்குள்.

கதவு பூட்டியபடி. திறப்பு அவருடைய பையில்.

பலகை உள்பக்கப் பிடியில் தொங்கியது.

மெல்ல ஆடிக்கொண்டு...

கத்த வரவில்லை. ஓடவும் வரவில்லை. பயம்கூட எங்கேயோ தூரத்தில், வேறு யாருக்கோ வந்தது போல இருந்தது. “சரி, நான் போறன்,” என்றார். யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. சப்பாத்துப் போடச் சுவரோடு கதிரையில் இருந்தார். ஒன்றைப் போட்டார். மற்றதைக் கையில் எடுத்தார்.

அப்படியே நித்திரை.

கண்ணைத் திறக்க மணி 7:58.

யோகாம்பாள்!

எழும்பிக் கதவுக்குப் பாய்ந்தார். பிடியில் பலகை இல்லை. பூட்டில் வெளியிலிருந்து திறப்புத் திரும்பியது. யோகாம்பாள் நின்றாள். முழுசாக, இரண்டு காலில்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் வீட்டையோ?” முதலில் ஆச்சரியம். பிறகு அவருடைய ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்தாள். “நல்ல ஆம்பிளை! உள்ளுக்கை சூடா இருங்கோ. எண்பது வயசுக் கிழவி வெளியிலை உப்புப் போடட்டும்.”

“ஆர்?”

“ஆரோ? முன்வீட்டு மனுஷிதான். படி முழுக்க உப்பு. என்ர கையைப் பிடிச்சு ஒவ்வொரு படியாய் ஏத்திவிட்டவ. வீட்டுச் செருப்போடை நிக்கிறா, நான் நல்லாப் பேசினனான்.”

“அவ என்ன சொன்னவ?”

“ஒண்டும் கதைக்கேல்லை. பாவம், கை விறைச்சுப் போச்சு.”

தியாகலிங்கம் பலகையைப் பற்றி வாய் திறக்கவில்லை. நித்திரை மயக்கத்தில் ஏதோ கண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொண்டார். மனைவி வந்து சேர்ந்துவிட்டாள். அது போதும்.

அவள் படுத்து எழும்பும் மட்டும் அவர் சமைத்தார். சோறு, மீன்குழம்பு, கரட் சம்பல். ஒரு புதன்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டது எந்த வருடம் என்று இருவருக்கும் நினைவில்லை. யன்னலுக்கு வெளியே ஐஸ் மினுங்கியது. “இப்பிடி மாசத்துக்கு ஒருக்கா உறைஞ்சால் நல்லது, என்ன?” என்றாள் யோகாம்பாள். அவர் சிரித்தார்.

1:20க்கு அவள் ஒரு டப்பாவில் உறைப்புக் குறைத்துச் சோறு போட்டுக்கொண்டு முன்வீட்டுக்குப் போனாள். மணி அடித்தும் திறக்கவில்லை. பையைப் பிடியில் கொழுவிவிட்டு வந்தாள். அந்தப் பிடியில் பலகை இல்லையாம்.

நாலு மணிக்கும் பை அப்படியே தொங்கியது.

“காலமை விறைச்ச மனுஷி. எனக்கு மனம் சரியில்லை,” என்று யோகாம்பாள் கட்டடம் பார்க்கிறவருக்குப் போன் எடுத்தாள். அவர் பொலிஸுக்கு எடுத்தார். 5:20க்குப் பூட்டை உடைத்தார்கள். உள்ளே திறப்பு பூட்டிலேயே இருந்தது.

ஆறு மணிக்குப் பிறகு ஒரு பொலிஸ்காரப் பெண் அவர்களிடம் வந்தாள். இளம் பிள்ளை. முகம் வெளிறிப்போயிருந்தது.

ஃபிரௌ கடுஃப் கதவுக்குப் பின்னால் நிலத்தில் கிடந்தாராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. உயிர் போனது திங்கள் விடியப்புறமாக இருக்கும் என்று டொக்டர் சொன்னாராம்.

யோகாம்பாள் தன் வலது கையைப் பார்த்தாள்.

“நேற்று, இன்று யாராவது உள்ளே போனீர்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள். “அவருடைய வீட்டுச் செருப்பின் அடி ஈரமாக இருக்கிறது. உப்பும் ஒட்டியிருக்கிறது. படிக்கட்டுப் பலகை கதவின் உள்பக்கத்தில் தொங்குகிறது. எங்களுக்கு விளங்கவில்லை.”

இருவரும் தலையை ஆட்டினார்கள். இல்லை.

அவள் குறிப்புப் புத்தகத்தை மூடப்போய், திரும்பத் திறந்தாள்.

“இன்னொன்று. கதவின் அடியில் உள்பக்கம் வண்ணம் கழன்றிருக்கிறது. விரல் மூட்டுகளிலும் காயம். கன நேரம் தட்டியிருக்கிறார். ஞாயிறு பின்னேரம், இரவு... ஏதாவது சத்தம் கேட்டதா?”

தியாகலிங்கம் முன்வீட்டுக் கதவைப் பார்த்தார்.

“இல்லை,” என்றார்.

முன்வீட்டுக்குப் புது ஆட்கள் வந்துவிட்டார்கள். பலகை இப்போது தியாகலிங்கத்தின் கதவில் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அதைக் கழற்றுவதில்லை. வேலையில்லாத நாளிலும் 6:10க்கு முன்னமே எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கதவோடு காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்.