கப்பல் ஊதினால் ஆமென்

அப்பாவின் ஜெபம் நீண்டு இட்லி ஆறிக்கொண்டிருந்தபோது, போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்தில் கப்பல் ஊதியது. எனக்குச் சட்டென்று, நாங்கள் முன்பு இருந்த தீவு ஊரான கேம்பல் பே ஆலயத்தின் ஈரப் பெஞ்சு வாசனை வந்தது.

அப்பா அங்கே குருவானவராக இருந்தார். மெயின்லேண்ட் வெங்காயமும், ஆலு என்று நாங்கள் சொல்லும் உருளைக்கிழங்கும் கப்பலில்தான் வரும். பிந்திப் போனால் அழுகல்தான் மிஞ்சும். அதனால் பிரசங்கத்தின் நடுவே ஊதல் கேட்டால், "ஆமென், சலோ!" என்பார். அங்கியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுவதும் அவர்தான்.

ஒரு ஞாயிறு, போர்ட் பிளேரிலிருந்து வந்த பேராயர் பிரசங்கம் செய்தார். கப்பல் ஊதியது. யாரும் அசையவில்லை. அம்மா மட்டும் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவை முறைத்தாள். அப்பா எழுந்து முடிவுப் பாட்டை உரக்கத் தொடங்கினார். சபை முழுவதும் பாடிக்கொண்டே வெளியேறியது.

அப்பாவின் வேலை போயிற்று என்றே நினைத்தோம். பேராயர் மூச்சிரைக்கக் கப்பல் ஜெட்டிக்கு வந்தார். "பாதர், ஆலு கிடைச்சா எனக்கும் சேர்த்து வாங்கிடுங்க!"

அப்பா ஓய்வுபெற்றுப் பல வருடமாகிறது. காய்கறிக் கடை எங்கள் வாசலிலேயே இருக்கிறது. இருந்தும் இன்று ஊதல் அடங்குமுன் ஜெபம் முடிந்துவிட்டது.

"ஆமென். பை எங்கம்மா?"