மதியப் பள்ளி நின்ற வருடம்

“உங்க ரெண்டு பேர்ல யார் அக்கா?” என்று வகுப்பாசிரியை கேட்டதும் என் அக்கா சட்டென்று எழுந்து என்னைக் காட்டினாள். நான் அவளைவிடக் கொஞ்சம் உயரம், ஆசிரியை நம்பிவிட்டார். அன்றிலிருந்து, என்னைவிட ஒரு வயது மூத்தவளுக்கு அந்தப் பள்ளியில் நான்தான் அக்கா.

முந்தைய ஆண்டு அவள் தனியாகத்தான் அந்த இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தாள். வகுப்பறைகள் போதாமல் பள்ளி இரண்டு நேரமாக நடந்த காலம் அது. பெரிய வகுப்புகளுக்குக் காலை, சின்ன வகுப்புகளுக்கு மதியம். டவுன் பிள்ளைகளுக்கு அதில் பெரிய சிரமமில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து முனையில் பஸ் வந்து நிற்கும்போது இருட்டிவிடும். கொழுந்து பறித்த களைப்போடு அம்மா தினமும் அங்கே போய் நிற்பாள். ஒரு மழைநாளில் சாலையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. அக்கா நடந்தே, ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தாள். “எனக்கு ஒண்ணும் ஆவலப்பா. நாளைக்கும் போறேன்” என்றாள். அப்பா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “படிச்சது போதும்லா. பொம்பளப் புள்ளய இருட்டுல எப்படி அனுப்புறது?” அவர் கெட்டவரில்லை. பயந்துபோயிருந்தார்.

அக்கா பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்ட வேலைக்குப் போனாள். வேலையாட்களின் லோரி, அவள் முன்பு படித்த, நான் இன்னும் படித்துக்கொண்டிருந்த தமிழ்த் தொடக்கப்பள்ளியைக் கடக்கும்போது, தலையில் கட்டிய துணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொள்வாள்.

அடுத்த ஆண்டு இடைநிலைப் பள்ளியில் புதுக் கட்டடம் எழுந்தது. எல்லோருக்கும் இனிக் காலையிலேயே பள்ளி என்றார்கள். என்னைச் சேர்க்கப் போன அம்மா, தலைமையாசிரியரிடம் கெஞ்சி அக்காவுக்கும் இடம் வாங்கி வந்தாள்.

“இவகூட ஒரே கிளாஸ்லயா? பெயிலான புள்ளன்னு சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் நிறுத்திருவாங்க.”

முதல் நாள் பஸ்ஸில் திரும்பும்போது, “கோச்சுக்காத” என்றாள் அக்கா மெதுவாக. எனக்குக் கோபமே இல்லை. தோட்டத்து முனையில் இறங்கியபோது வெயில் அடித்தது. அம்மா அங்கே நிற்கவில்லை. நிற்க வேண்டிய தேவை இல்லை.

எங்கோ ஓர் அலுவலகத்தில் பள்ளி மணியின் நேரத்தை மாற்றுகிறார்கள். அதில் எந்த வீட்டுப் பெண் பள்ளியை விட்டுப் போகிறாள், எவள் திரும்பி வருகிறாள் என்று அவர்களுக்குத் தெரியுமா என நான் யோசிப்பதுண்டு.

இன்று அக்கா அரசாங்கக் கிளினிக்கில் தாதி. அவள் மகள் படிக்கும் பள்ளியில் பிள்ளைகளைச் சாயங்காலம்வரை வைத்திருக்கப் போகிறார்களாம். பெற்றோர் கூட்டத்துக்கு நானும் துணைக்குப் போனேன். பிரிஞ்சாங் டவுனில் காய்கறி வியாபாரம் செய்யும் ஒருவர் எழுந்து சத்தம் போட்டார். “காலையில போற புள்ள நாலு மணிக்கு வந்தா களைச்சுப் போயிராதா? எதுக்கு இவ்வளவு நேரம்?”

அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. அக்கா எழுந்தாள்.

“அண்ணே, பள்ளி நேரம் ஒத்துவராம என் படிப்பே ஒரு வருஷம் நின்னுபோச்சு. வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியத கேப்போம்லா. மத்தியானம் சோறு போடுவாங்களா? தோட்டத்துப் புள்ளைங்களுக்கு பஸ் விடுவாங்களா?”

கூட்டம் கலைந்ததும் அந்த வியாபாரி வாசலில் காத்திருந்தார். தலைமையாசிரியரிடம் எதை முதலில் கேட்கலாம் என்றார்.

“பஸ்ஸக் கேளுங்கண்ணே” என்றாள் அக்கா. “சோத்த நாங்க பொம்பளைங்க கேக்குறோம்.”