ஜெரிக்கோவின் பருக்கள்

முதலில் பருக்களைத்தான் அழிப்பாள் பெர்லா. படம் திரையில் விரிந்ததும் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நெற்றியில் ஒன்று, தாடையில் இரண்டு என்று மவுஸால் ஒற்றி ஒற்றி எடுப்பாள். அப்புறம் கண்ணுக்குக் கீழே இருக்கும் கறுப்பைத் துடைப்பாள். நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிடுவாள். “பெத்தவளுக்கே அடையாளம் தெரியாம பண்ணிடப் போற” என்று கணவன் ரோடெல் சொன்னால், “அதுக்குத்தானே கீழ பேர் போடறோம்” என்பாள். இந்த வேலைக்கு அவள் தனியாகக் காசு கேட்பதில்லை.

அமெரிக்காவின் பெர்கன்ஃபீல்டில் பிலிப்பினோ வீடு எதுவானாலும், குழந்தைக்கு ஞானஸ்நானம், பெண்ணுக்குப் பதினெட்டாவது பிறந்தநாள், மருமகள் நர்ஸ் பரீட்சையில் தேறியது என்று வாசலில் ஒரு பேனர் தொங்கினால் அது பெர்லாவின் வீட்டு பேஸ்மென்டில் அச்சானதாகத்தான் இருக்கும். இயந்திரம் ஓடும்போது பக்கத்தைவிட்டு நகர மாட்டாள். உலர்ந்த மாம்பழத் துண்டை மென்றபடி, வெளியே வரும் முகத்தை “வா, வா, மெதுவா வா” என்று பிரசவம் பார்ப்பவள் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொள்வாள். மூலைகளில் கயிறு கோக்கப் பித்தளை வளையம் அடிப்பதை மட்டும் யாரிடமும் விடமாட்டாள். நாலு அடியில் நாலு வளையம். ஐந்தாவது அடி விழுந்தால் அன்று கை சரியில்லை என்று கடையைக் கட்டிவிடுவாள்.

அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கடிதம் கையில் வராமல் பேனர் அடிக்க மாட்டாள். முன்பு ஒருவர் மகனின் பரீட்சை முடிவு வருவதற்குள் ‘எஞ்சினியர்’ என்று அடித்துவாங்கிப்போய், கடைசியில் அதைத் திருப்பிப்போட்டு மழைக்குக் காரை மூடினார். அதிலிருந்து யார் கெஞ்சினாலும் ஒரே பதில்தான்: “லெட்டரக் காட்டு, அடிக்கறேன்.”

அந்தக் கண்டிப்பை அவள் ஒரே ஒருமுறை மீறியிருக்கிறாள். பிப்ரவரியில், மகள் தனிக்கா உள்ளூர்க் கல்லூரியின் ஏழு வருடப் படிப்புக்கு நேர்காணல் முடித்து வந்த சாயங்காலம். பள்ளியிலிருந்து நேரே சேர்ந்தால் பட்டமும் மருத்துவமும் ஒரே மூச்சில் முடிந்துவிடும். நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வு என்று குடும்பமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நேர்காணல் செய்த டாக்டர் தனிக்காவைப் பார்த்து இரண்டுமுறை சிரித்தாராம். பெர்லாவுக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளைக் கோட்டில் மகள், பக்கத்தில் கல்லூரி முத்திரை, கீழே ‘எதிர்கால டாக்டர் தனிக்கா மே திமயூகா’. அடித்து, வளையமும் தட்டிவிட்டாள். மார்ச்சில் வந்த கடிதம் தனிக்காவைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டிருந்தது. பேனர் சுருண்டு சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போனது. மாதா கோயிலில் யாராவது விசாரித்தால், “அவ இன்னும் முடிவு பண்ணல” என்று பெர்லா சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் சியோனியின் மகன் ஜெரிக்கோவுக்கு இதே படிப்பு மூன்று இடங்களில் கிடைத்தது. ஒன்றல்ல, மூன்று. வடக்கே ஏரிக்கரைக் கல்லூரி, பிலடெல்ஃபியா பக்கத்தில் ஒன்று, அப்புறம் அதே உள்ளூர்க் கல்லூரி. சியோனி தனிக்காவின் ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் ‘மாரே’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். இரண்டு வாரத்தில் மூன்றுமுறை செய்தி வந்தது. மூன்றுமுறையும் பெர்லா இதயப் படத்தோடு வாழ்த்து அனுப்பிவிட்டு, அடுப்பங்கரையில் பாத்திரங்களை உருட்டினாள்.

தனிக்காவின் மதிப்பெண் அவனைவிட முப்பது கூட. முதியோர் இல்லத்தில் அவள் முந்நூறு மணிநேரம் சேவை செய்திருக்கிறாள். ஜெரிக்கோ என்ன செய்தான்? டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உகுலேலே வாசித்தான். “பாட்டு வாசிச்சா சீட்டுக் குடுக்கறாங்கன்னா நம்ம பொண்ணையும் டமாரம் அடிக்க விட்டிருக்கலாம்” என்றாள் ரோடெலிடம். அந்தப் பையன் மட்டும் ஒரு திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவனோ எங்கே பார்த்தாலும் ஓடிவந்து அவள் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஆசி வாங்குவான். கை அங்கே இருக்கும்போது அவளுக்கு என்ன தோன்றியது என்பதை அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

மே முதல் தேதிக்குள் அவன் மூன்றில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு சியோனி வீட்டில் விருந்து, அதற்கு பேனர். மூன்று முத்திரையும் வேண்டும் என்றாள் சியோனி. பெர்லா சாதாரணமாகக் கேட்பதுபோல, எதைப் பெரிதாகப் போடட்டும் என்று கேட்டாள். எதை வைத்துக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்துவிடுமே.

“மூணும் ஒரே சைஸ் போடு மாரே” என்றாள் சியோனி.

அன்று ஜெரிக்கோவின் முகத்தில் ஏழு பருக்களை எண்ணினாள் பெர்லா. எண்ணினாளே தவிர ஒன்றையும் தொடவில்லை. எட்டடி பேனரில் அவை ஒவ்வொன்றும் பொத்தான் அளவுக்கு வந்தன.

சனிக்கிழமை மத்தியானம் பேனரை வாங்கிப்போக சியோனி வந்தாள், ஒரு தட்டு பொரித்த லும்பியா ரோல்களோடு. மேசை முழுக்கத் துணிச்சுருள் கிடந்ததால் தட்டைச் சலவை இயந்திரத்தின் மேல் வைத்தாள். பின்னால் சுருள் தெரிந்தது. என் பேனரை ஒளித்துவைத்து விளையாட்டுக் காட்டுகிறாயா என்று சிரித்துக்கொண்டே உருவி, பெர்லா எழுந்து வருவதற்குள் விரித்துவிட்டாள். வெள்ளைக் கோட்டில் தனிக்கா சிரித்தாள்.

“எப்ப வந்துது? ஞானத்தாய் நான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே.”

நேற்றுத்தான் வந்தது என்ற பொய் பெர்லாவின் நாக்கு நுனிவரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை இதே முகத்தோடு பூசையில் சியோனியின் கையைப் பிடித்து ‘சமாதானம் உண்டாகட்டும்’ என்று சொல்ல வேண்டுமே என்பதால் அதை விழுங்கினாள்.

“வரல. காத்திருப்புல வெச்சிருக்காங்க. யாராவது விட்டாத்தான்.”

யார் அந்த ‘யாராவது’ என்று சியோனி கேட்கவில்லை. பேனரைச் சுருக்கம் விழாமல் நிதானமாகச் சுருட்டினாள். “ஜெரிக்கோவுக்கு ஏரிக்கரைதான். போன வாரமே மத்த ரெண்டையும் விட்டுடறேன்னான். நான்தான் விருந்து முடியட்டும்டான்னு புடிச்சு வெச்சேன். பேனர்ல மூணு முத்திரையப் போட்டுட்டு கையில ஒண்ணுதான் இருக்குன்னா, ஊரு பொய்னு சொல்லாதா?”

தன் கையால் அடித்த பேனருக்காகத் தன் மகளின் இடம் ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறது. பெர்லாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சியோனி அங்கேயே நின்று மகனைக் கைபேசியில் கூப்பிட்டாள். “உள்ளூரு சீட்ட விட்டுடு. இப்பவே. அந்த இன்னொண்ணையும் விட்டுடு. ஏன்னு வீட்டுக்கு வந்து சொல்றேன்.” பிறகு பெர்லாவிடம், ஒரே முத்திரையோடு நாளைக்குள் மறுபடி அடிக்க முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று பெர்லா தலையாட்டினாள். மாடிப்படி ஏறும்போது சியோனி அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

நன்றி வர வேண்டிய இடத்தில் பெர்லாவுக்கு வந்தது இன்னொரு வயிற்றெரிச்சல். தூக்கிக் கொடுக்கிற அளவுக்கு இவளிடம் மட்டும் எப்படி மிச்சம் இருக்கிறது? இடம் காலியானால் அது தனிக்காவுக்கே வரும் என்று எந்தக் கல்லூரியும் எழுதிக் கொடுக்கவில்லை. பட்டியலில் எத்தனை தாய்மார்களின் பிள்ளைகளோ.

திரையின் முன் உட்கார்ந்தாள். இரண்டு முத்திரைகளை நீக்கினாள். ஏரிக்கரையைப் பெரிதாக்கினாள். இடம் கிடைத்ததில் ஜெரிக்கோவின் முகமும் பெரிதானது, ஏழு பருக்களோடும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டாள். நெற்றியில் மூன்றை ஒற்றி எடுத்தாள். கன்னத்தில் இரண்டு. மூக்கின் ஓரத்தில் ஒன்று. தாடையில் சிவந்து பழுத்திருந்த கடைசி ஒன்றின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த கைபேசியை எடுத்துப் பார்த்தாள். கல்லூரியிலிருந்து ஒன்றும் வந்திருக்கவில்லை.

அம்புக்குறியைத் தாடையிலிருந்து நகர்த்தி, அச்சிடும் பொத்தானை அழுத்தினாள்.